ஒரு நோயாளிக்கு ஒரு துணை

அந்த மருத்துவமனையில் ஈ கிடையாது. நோயாளிகள் உண்டு, இருமல் உண்டு, பாதி நாள் தண்ணீர் வராத குழாய்கள் உண்டு. ஈ மட்டும் கிடையாது. 'ஈ இல்லா மருத்துவமனை, சிறப்புச் சான்று பெற்றது' என்று வாசலிலேயே பித்தளைத் தகட்டில் பொறித்து வைத்திருந்தார்கள். அந்தத் தகட்டைத் துலக்குவதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். கழிப்பறையைக் கழுவத்தான் ஆள் போதவில்லை.

முன்பு ஒருமுறை கண் பிரிவுக்குள் ஓர் ஈ வந்துவிட்டதாம். காவலாளி விசில் ஊத, டைரக்டர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். கண் பிரிவுக்கு அவர் வந்தது அதுதான் முதல்முறை. ஈயை அடித்து, உடலைப் புட்டியில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று பேர் கொண்ட குழு விசாரித்து, அது வெளியிலிருந்து வந்த ஈ என்றும் இந்த மருத்துவமனையில் பிறந்து வளர்ந்ததல்ல என்றும் அறிக்கை கொடுத்தது. மாமனாரைப் பார்க்க வந்தபோது ஈயைக் கூட்டிவந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட மருமகன் உள்ளே வரத் தடை விதிக்கப்பட்டது. ஆனாலும் இரக்கம் காட்டி, ஆபரேஷன் முடிந்த மாமனாருக்கு ஜன்னல் வழியாகக் கையசைத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தது.

இந்தக் கதையெல்லாம் பிரேக் டீச்சர் கட்டிலில் படுத்தபடியே கேட்டுத் தெரிந்துகொண்டவை. அவள் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவர் பக்கம் எல்லாம் இருக்கும்; சொல்லிக்கொடுப்பவர் பக்கம் ஒரே ஒரு பிரேக்தான் இருக்கும். எத்தனையோ பேருடைய பதற்றத்தை, கனவை, சுவரை நோக்கிப் போன வேகத்தை அவளுடைய வலது பாதம் நிறுத்தியிருக்கிறது. ஊரில் பாதிப் பெண்களுக்கு அவள் பெயர் தெரியாது. பிரேக் டீச்சர் என்றால் தெரியும்.

அந்தப் பாதத்தில்தான் புண். சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டிருந்தது. ஷூவுக்குள் புகுந்த கூழாங்கல்லோடு நாள் முழுக்கப் பிரேக் அழுத்தியிருக்கிறாள். மாலையில் காலுறையைப் பார்த்து அலறியது அவளுடைய அக்கா. டீச்சருக்கு அப்போதும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளை உள்ளுக்குள் கலங்க வைத்தது. தன் உடம்பிலேயே ஒரு பகுதி தனக்குத் தகவல் சொல்வதை நிறுத்திவிட்டது என்பது, வீட்டில் ஒருவர் பேச்சை நிறுத்திக்கொண்டது போல இருந்தது.

அறுவை மருத்துவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டே வந்து, முழங்காலுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார். தச்சரிடம் பலகையில் எங்கே அறுக்க வேண்டும் என்று காட்டுவது போலிருந்தது.

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"வழி இருக்கும்மா. ஆனா வேற எதுக்குப் போனாலும் வரிசை நீளம். இதுக்கு வரிசை கிடையாது" என்றார் அவர். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

புண் பிரிவின் இளம் டாக்டர் மாலையில் வந்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, முகத்தைச் சுளிக்காமல் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தையும் பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் இரண்டையும் ஒருசேரப் பார்த்த ஆள் அவள் ஒருத்திதான்.

"டீச்சர், இப்ப உங்க கால்ல கிருமியைவிட காவல்காரங்கதான் பெரிய பிரச்சினை."

"யாரு?"

"காயம் பட்டா ரத்தத்துல இருந்து வெள்ளை அணுக்கள் ஓடி வரும். கிருமியைக் கொல்லும், குப்பையை அள்ளும். வேலை முடிஞ்சதும் போயிடணும். அப்பதான் புதுச் சதை கட்டுறவங்க உள்ள வர முடியும். உங்க புண்ணுல வந்தவங்க போகவே இல்ல. செத்த சதை கிடக்குறதால இன்னும் இன்னும் ஆள் கூப்பிடுறாங்க. அடிக்கிற அடியில நல்ல சதையும் சேந்து கரையுது. கட்ட வந்தவங்களை வாசல்லயே விரட்டிடுறாங்க."

அந்த நேரத்தில்தான் வார்டு வாசலில் விசில் ஊதியது. அக்கா கொண்டுவந்த சூப்பை மூடி இல்லாத பாத்திரம் என்று காவலாளி திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அவரை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"புரியுது டாக்டர், ரொம்ப நல்லா புரியுது" என்றாள் டீச்சர்.

டாக்டரின் யோசனை, புழு. தெருப் புழு அல்ல. பச்சை ஈயின் முட்டையைக் கழுவி, ஆய்வுக்கூடத்தில் சுத்தமாக வளர்த்த புழு. வலைப் பைக்குள் போட்டுப் புண்மேல் வைத்துக் கட்டுவார்கள். "செத்ததை மட்டும் கரைச்சுக் குடிக்கும். உயிரோட இருக்குறதைத் தொடாது. அதோட எச்சில் கிருமியைக் கொல்லும். அந்தக் காவல்காரங்களையும் கொஞ்சம் அடக்கும், போதும்பா, வீட்டுக்குப் போங்கன்னு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல்காரம்மா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் பாதத்தில் இதே மாதிரிப் புண். "எனக்கும் வெப்பீங்களாம்மா? கடிச்சாலும் பரவாயில்ல. மெஷினை மிதிக்கக் கால் வேணும்."

"ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கேம்மா. குழு சரின்னு சொல்லணும்."

குழு என்றால் தொற்றுத் தடுப்பு உயர்நிலைக் குழு. அதன் கூட்டத்துக்கு டீச்சரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். "கால் வந்தாச்சா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "வந்தாச்சு" என்றார் செயலாளர். டீச்சர் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். மீதி உடம்பு சும்மா துணைக்கு வந்தது போலிருந்தது.

டைரக்டர் பேசினார். "எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இங்க ஈ கிடையாது. சான்று இருக்கு. ஈ இல்லாத இடத்துல புழு இருந்தா, அதோட அம்மா எங்கன்னு ஒருத்தன் கேப்பான். நான் என்ன பதில் சொல்வேன்? ஒரு கால் போனா ஒரு கால்தான். சான்று போனா இந்த மருத்துவமனையே நொண்டி."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். பிறகு புழு என்பது என்ன என்று முடிவு செய்ய முனைந்தார்கள். மருந்து என்று எழுத முடியாது. மருந்து சாப்பிடப்பட வேண்டும், இது சாப்பிடுகிறது. கருவி என்றும் எழுத முடியாது. கருவிக்கு உத்தரவாதக் காலம் வேண்டும்.

"ஊழியர்னு எடுக்கலாமா? படிப்பு என்ன?" என்று கேட்டார் செயலாளர்.

"படிப்பு இல்ல சார். வேலை தெரியும்" என்றாள் டாக்டர்.

டைரக்டருக்குக் கோபம் வந்தது. "வேலை தெரியுங்கிறதை வெச்சு ஆள் எடுத்தா நாம யாருமே இங்க உக்காந்திருக்க முடியாதும்மா!"

அதற்கும் மேசையைத் தட்டினார்கள். புழு என்ற சொல்லைக் கூட்டக் குறிப்பில் எழுதக் கூடாது என்பது மட்டும் முடிவானது. அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த அடுத்த கூட்டத்தில் 'வெண்ணிற நகர்வுப் பொருள்' என்பதா, 'நகரும் வெண்பொருள்' என்பதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாயங்காலம் வரை பேசினார்கள்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கீழ்த்தளத்தில் தையல்காரம்மாவின் காலை எடுத்தார்கள்.

அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். டீச்சரும் சாட்சி. ஆனால் அங்கே நோயாளியின் பேச்சு செல்லாது. "வலியில இருக்குறவங்களுக்கு யோசனை தெளிவா இருக்காதுங்க. துணைக்கு இருக்குறவர் வாயால சரின்னு சொன்னா போதும். அதான் விதி" என்றார் செயலாளர், மிகவும் மரியாதையாக. துணைக்கு இருந்தது அண்ணன் மகன். அவனுக்கு வேலைக்குப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. அத்தையைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், "சரிங்க" என்றான்.

"எப்படி ஓடுனாங்க தெரியுமா?" என்றாள் தையல்காரம்மா, மயக்கம் தெளிந்ததும். "ஒருத்தர் கட்டிலைத் தள்ளுறாரு, ஒருத்தர் லிஃப்டைப் பிடிச்சு நிறுத்துறாரு. இந்த ஆஸ்பத்திரியில இவ்வளவு வேகத்தை நான் பாத்ததே இல்லம்மா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போன கால் அரிக்குது டீச்சர். எங்க சொறியிறதுன்னு தெரியல" என்றாள்.

டீச்சரின் நெஞ்சுக்குள் ஏதோ வந்து உட்கார்ந்தது அப்போதுதான். கோபம் அவளுக்குப் புதிதில்லை. சிவப்பு விளக்கில் காரைக் கிளப்புகிறவர்கள்மேல் தினமும் வருவதுதான். ஆனால் அது விளக்கு மாறியதும் போய்விடும். இது போகிற கோபமாகத் தெரியவில்லை. பாயை விரித்துப் படுத்துக்கொண்டது.

மூன்றாவது கூட்டத்தில் செயலாளருக்கு மின்னல் வெட்டியது. படிப்பு வேண்டாம், உத்தரவாதம் வேண்டாம், அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் எங்கே படுத்தார்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். அப்படிப்பட்ட உயிர்கள் இந்த மருத்துவமனைக்குள் ஏற்கெனவே இருக்கின்றனவே! "துணையாள் சார்! நோயாளிக்குத் துணையா இருக்குறவங்க! அந்தக் கணக்குல விட்டுடலாம்!"

டைரக்டர் எழுந்து கைகுலுக்கினார். சோதனை முயற்சியாக ஒரே ஒரு நோயாளிக்கு அனுமதி. ஒரு நோயாளிக்கு ஒரு துணைதான் என்பது விதி. பைக்குள்ளோ நூற்றுக்குமேல் புழு. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: ஒரே பையில் இருப்பதால் கூட்டுக் குடும்பமாகக் கருதலாம். பைக்கு ஒரு மஞ்சள் அட்டை தயாரானது. 'துணையாள்' என்று எழுதி, முத்திரை குத்தி, நாடாவும் கட்டியிருந்தது.

அந்த அட்டை வந்த அன்றே விசில் அக்காவை வெளியே அனுப்பினார்.

"நான் அவ கூடப் பிறந்தவங்க!"

"இருக்கட்டும்மா. உங்க தங்கச்சிக்கு ஏற்கெனவே துணை உள்ள இருக்கு. ஒரு நோயாளிக்கு ஒரு துணைதான்."

"எது, அந்தப் புழுவா?"

"அந்த வார்த்தையை இங்க சொல்லக் கூடாதும்மா."

அக்கா அன்றுமுதல் மதில் ஓரத்துத் தகரக் கூரைக்கு அடியில், மற்றவர்களின் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். ஆனால் வேடிக்கை அதோடு முடியவில்லை. டைரக்டர் தினமும் காலையில் வார்டைச் சுற்றி வருவார். அந்த நேரத்தில் துணையாட்கள் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். ஆகவே காலைதோறும் டாக்டர் பையைப் புண்ணிலிருந்து எடுத்து ஈரத்துணி போட்ட டப்பாவில் வைப்பாள். விசில் அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளியே கொண்டுபோய் அக்காவின் மடியில் வைப்பார். டைரக்டர் போனதும் திரும்ப உள்ளே எடுத்துப் போவார்.

முதல்நாள் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் நாள் ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் வெயில் படாமல் முந்தானையால் மறைக்க ஆரம்பித்தாள். டீச்சருக்குப் போனில் முதல் கேள்வியே அதுதான்: "புள்ளைங்க நல்லா சாப்பிட்டுச்சாடி? நேத்தைக்கு இன்னைக்குக் கொழுகொழுன்னு இருக்கு. என் கண்ணே பட்டுடும் போலிருக்கு."

"உன்னைத் துரத்திட்டு உன் இடத்துல வந்து உக்காந்தவங்கக்கா அவங்க."

"அதுங்க என்னடி பண்ணும், பாவம்! துரத்துனது அதுங்களா?"

பையை மாற்றும்போதெல்லாம் டீச்சர் காலைப் பார்த்தாள். கறுத்துக் கிடந்தது சாம்பலாகி, சாம்பல் கரைந்து, ஒருநாள் அடியில் ஈறு நிறத்தில் ஏதோ தெரிந்தது. "புதுச் சதை" என்றாள் டாக்டர், குழந்தை பிறந்த செய்தியைச் சொல்வது போல. "காவல்காரங்க கிளம்பிட்டாங்க டீச்சர்." டீச்சர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கத்தில், பாதி காலியான போர்வைக்குள் தையல்காரம்மா படுத்திருந்தாள். அவள் பார்க்க அழ டீச்சருக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சான்றைப் புதுப்பிக்க ஆய்வாளர்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. டைரக்டருக்குத் தூக்கம் போயிற்று. புழு வெளியே போக வேண்டும். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால் கேள்வி வரும். கால் இருந்தால்தானே சிகிச்சை? காலையும் பையையும் ஒன்றாக அனுப்பிவிட்டால் இரண்டு தொல்லையும் ஒழியும். நல்ல நிர்வாகி அப்படித்தான் யோசிப்பார்.

டீச்சரை மறுபடியும் தள்ளிக்கொண்டு போனார்கள். டைரக்டர், செயலாளர், பேனாவோடு அறுவை மருத்துவர் எல்லாரும் இருந்தார்கள். டாக்டர் சுவரோரமாக நின்றாள்.

"என் கால் ஆறிட்டு வருது சார்" என்றாள் டீச்சர்.

"ஆறுறது வேற விஷயம்மா. நாங்க நிர்வாகத்தைப் பத்திப் பேசிட்டிருக்கோம்" என்றார் டைரக்டர். "நோயாளி சொல்றதை எடுத்துக்க முடியாது. துணையாளைக் கூப்பிடுங்க."

விசில் கதவைத் திறந்து, "பிரேக் டீச்சர் துணையாள்!" என்று தாழ்வாரம் அதிரக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

டீச்சருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, சரிவில் உருளுகிற காரில் பிரேக் பிடிபடுகிற அந்தக் கணம் போல, உள்ளே ஏதோ கச்சிதமாகப் பொருந்தியது.

"என் துணையாள் இங்கதான் சார் இருக்காங்க" என்று காலைக் காட்டினாள். "கேளுங்க."

அறுவை மருத்துவர் எரிச்சலோடு, "வெளிய அக்கா இருக்காங்கல்ல? அவங்களைக் கேட்டுட்டு முடிங்க" என்றார்.

"அக்கா துணையாள் இல்ல சார், பார்வையாளர்" என்றார் செயலாளர். விதி என்றால் அவருக்கு உயிர்.

"அப்ப துணையாளை மாத்துங்க."

"மாத்தணும்னா இப்ப இருக்குற துணையாள் சம்மதிக்கணும் சார்."

"பேசாம இருந்தா சரின்னு எடுத்துக்கலாமே?" என்றார் டைரக்டர்.

"வாயால சொல்லணும் சார். சார் போட்ட விதிதான்."

"சாப்பிட்டுட்டு இருக்காங்க. சாப்பிடும்போது பேச மாட்டாங்க" என்றாள் டீச்சர்.

டாக்டர் முன்னால் வந்து, கட்டைப் பிரித்து, பையை வெளிச்சத்தில் காட்டினாள். டைரக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தார். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்தார். சான்றுக்காக மனிதர் எதையும் செய்வார்.

"காலை எடுக்க... உங்களுக்குச் சம்மதமா?" என்று பையைப் பார்த்துக் கேட்டார்.

வெளிச்சம் பட்டதாலோ என்னவோ, வலைக்கு அருகில் இருந்த ஒரு புழு தலையைத் தூக்கியது. இடது பக்கம் ஆட்டியது. வலது பக்கம் ஆட்டியது. டைரக்டர் பின்னால் துள்ளினார்.

'துணையாள் தலையசைத்து மறுத்தார்' என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

ஆய்வு நாளன்று டீச்சரைக் கட்டிலோடு அழுக்குத் துணி அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். அங்கேதான் அவளுக்கு அந்த மருத்துவமனையின் ரகசியம் தெரிந்தது. ஈக்கள் எல்லாம் அங்கே இருந்தன. துணி மூட்டைகள்மேல், சுவர்மேல், விளக்குமேல் என்று அந்த அறை முழுக்க ரீங்காரம். ஆய்வாளர்கள் வரும்போதெல்லாம் அவற்றையும் அங்கேதான் விரட்டி அடைப்பார்களாம். வெளியே தாழ்வாரத்தில் கைதட்டும் சத்தம் கேட்டது. டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, பைக்குள் இருந்தவர்களிடம், "உங்க சொந்தக்காரங்கதான் போலிருக்கு" என்றாள். நெஞ்சுக்குள் படுத்திருந்தது புரண்டு படுத்தது.

சான்று கிடைத்தது. கால் தப்பியது. டாக்டருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. 'இறந்த திசுக்களில் அவர் காட்டும் ஆர்வத்தை முன்னிட்டு' அவளைப் பிணவறைக்கு அனுப்பியிருந்தார்கள்.

டீச்சரை வீட்டுக்கு அனுப்பும் நாளில் இன்னொரு சிக்கல். வேலை முடிந்த புழுக்களை எரித்துவிடுவதுதான் முறை. ஆனால் துணையாளை எரிக்க விதியில் இடமில்லை. நோயாளியோடு வந்த துணையாள் நோயாளியோடே போக வேண்டும். செயலாளர் கடைசிப் பையைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயில் வலைத்துணி கட்டி, மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டி, கும்பிட்டுக் கொடுத்தார்.

டீச்சர் கிளம்பும் முன் பிணவறைக்குப் போனாள். டாக்டர் அங்கே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கு டாக்டர்?"

"அமைதியா இருக்கு. மேல இருக்குறவங்களுக்கும் இவங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. இவங்க கூட்டம் போடுறதில்ல."

"இதுங்க இனிமே என்ன ஆகும்?"

டாக்டர் ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள். "சாப்பாடு நிறுத்திட்டா கூடு கட்டும். பழுப்பா, விதை மாதிரி ஆயிடும். அப்புறம் ஈயா வெளிய வரும்."

"எவ்வளவு நாள்ல?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

டீச்சர் தன் கைப்பைக்குள்ளிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்துக் காட்டினாள். சான்று பெற்றதற்குப் பாராட்டு விழா. ஈ இல்லா மருத்துவமனையில் குணமான நோயாளி என்று அவளை மேடையில் நிறுத்தப்போகிறார்கள். அடியில் அச்சிட்டிருந்தது: 'தங்கள் துணையாளுடன் வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.'

டாக்டர் அதைப் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். பிணவறைக் கதவைப் பார்த்தாள். பிறகு குரல் மாறாமல், "வெதுவெதுப்பான இடத்துல வைங்க. விழாவுக்குச் சரியா இருக்கும்" என்றாள்.

ஜாடி அடுப்படி அலமாரியில் இருந்தது. புழுக்கள் சுருங்கிப் பழுப்பு விதைகளாகி, பல நாள் அசையாமல் கிடந்தன. டீச்சர் தினமும் அதன் எதிரில் நின்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கால் கிடைத்துவிட்டது. இன்னும் ஏன் இந்தக் கோபம்? வேலை முடிந்தும் போகாத காவல்காரன் நல்ல சதையையும் கரைப்பான் என்று டாக்டர் சொன்னாளே. உண்மைதான். ஆனால் வேலை முடிந்துவிட்டதா? தையல்காரம்மாவின் மெஷினை ஒரு மூலைக்குத் தள்ளி, மேலே துணி போட்டு மூடியிருப்பதைப் போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இல்லை, முடியவில்லை. முடிந்ததும் போய்விடு என்று உள்ளே இருந்ததிடம் சொல்லிவைத்தாள். அது தலையாட்டியதாகத் தெரியவில்லை.

விழா நாள் காலையில் ஜாடிக்குள் பச்சையாய் மின்னியது.

அரங்கத்தின் வாசலில் விசில் நின்றிருந்தார். அக்காவை மறித்தார். "ஒரு நோயாளிக்கு ஒரு துணைதாம்மா." அக்கா இந்தமுறை சண்டை போடவில்லை. துணிப்பைக்குள்ளிருந்து டீச்சர் எடுத்த ஜாடியையும், அதன் கழுத்தில் தொங்கிய மஞ்சள் அட்டையையும், உள்ளே மின்னியதையும் விசில் மாறிமாறிப் பார்த்தார். கை தானாக விசிலுக்குப் போனது. அட்டையில் முத்திரை சரியாக இருந்தது. அவர் மனத்துக்குள் என்ன நடந்ததோ, எத்தனை காலை வேளைகளில் அந்த டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தியவர்! விசிலை விட்டுவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.

மேடையில் டைரக்டர், செயலாளர், ஆய்வாளர்கள். மாலைகள், வெளிச்சம். கீழே நோயாளிகளையும் வீட்டாரையும் நிரப்பியிருந்தார்கள். கடைசி வரிசையில், படம் பிடிப்பவரின் கண்ணில் படாத மூலையில், ஊன்றுகோலோடு தையல்காரம்மா.

"இந்தக் காலைப் பாருங்க!" என்றார் டைரக்டர். டீச்சர் அப்போதுதான் மேடையேறி நின்றிருந்தாள். "இதை யார் காப்பாத்துனது? மருந்தா? இல்ல. ஏதோ ஒரு டாக்டரா? இல்ல. இந்த மருத்துவமனையோட சுத்தம்! இங்க ஒரு ஈயைக் காட்டுங்க, நான் பதவியை விட்டே போறேன்! பதினாறு குழு வெச்சிருக்கேன். எங்களுக்கு நோயாளி முக்கியம்தான். ஆனா நோயாளி இன்னைக்கு வருவான், நாளைக்குப் போவான். சான்று நிரந்தரம்!" கைதட்டல் ஓய்ந்ததும் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார். "ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா."

டீச்சர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"நோயாளி சொல்றதை இங்க எடுத்துக்க மாட்டாங்க" என்றாள். "அதனால என் துணையாள் பேசுவாங்க."

வலைத்துணியை அவிழ்த்தாள்.

முதலில் ஒன்று வந்தது. ஜாடியின் விளிம்பில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டது. அப்புறம் எல்லாம் வந்தன. பச்சைக் கண்ணாடித் துண்டுகளை அள்ளி வீசியது போல அரங்கத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின. நோயாளிகளின் தலைக்கு மேலே போயின. கட்டுகளுக்கு மேலே, குழந்தைகளின் ஒழுகும் மூக்குக்கு மேலே, தையல்காரம்மாவுக்கு மேலே. எங்கேயும் உட்காரவில்லை. திரும்பி, மேடைக்கு வந்தன. டைரக்டரின் மாலையிலும், செயலாளரின் கோப்பிலும், ஆய்வாளர்களின் நெற்றியிலும், கண்ணாடி போட்ட சான்றின்மேலும் அமர்ந்தன. மேடை விளக்கின் வெளிச்சம்தான் காரணம் என்று பின்னால் விசாரணைக் குழு சொல்லியிருக்கலாம். செத்ததைத் தவிர வேறெதையும் அவை தொட்டு டீச்சர் பார்த்ததில்லை.

ஆய்வாளர்களில் ஒருவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். இன்னொருவர் சான்றைச் சட்டத்தோடு எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. தையல் மெஷின் ஓடுவது போல, விட்டுவிட்டு, பிறகு நிற்காமல்.

"யாருய்யா இதுங்களை உள்ள விட்டது?" என்று டைரக்டர் மாலையை உதறிக்கொண்டே கத்தினார்.

விசில் வாசலில் விறைப்பாக நின்று சொன்னார்: "துணையாளுங்க சார். பாஸ் இருக்கு."

பயிற்சிக் கார் மதில் ஓரம் நின்றது. தையல்காரம்மாவைப் பின்னால் ஏற்றி, ஊன்றுகோலையும் உள்ளே வைத்துவிட்டு, டீச்சர் சொல்லிக்கொடுப்பவர் இடத்தில் உட்கார்ந்தாள். ஓட்டும் இடத்தில் அக்கா. மதிலோரம் காத்துக் கிடந்த நாட்களில்தான் அக்காவுக்கு இத்தனை வயதுக்குமேல் கார் கற்றுக்கொள்ளும் ஆசை வந்திருந்தது. டீச்சர் நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். அது இன்னும் போகவில்லை. ஆனால் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வாசல்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது.

அக்கா தடாலென்று காரைக் கிளப்பினாள். கார் நேராகப் பித்தளைத் தகட்டை நோக்கிப் பாய்ந்தது. டீச்சரின் வலது கால் இறங்கியது. ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. பிரேக் நன்றாகப் பிடித்தது.

மூச்சு திரும்பியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, தங்கையின் மடியில் இருந்த காலி ஜாடியைப் பார்த்து: "ஏன்டி, புள்ளைங்க எங்க?"

"உள்ளயே இருந்துட்டாங்கக்கா. அங்க அவங்களுக்கு நிறைய வேலை இருக்கு."